மார்ச் மேட்னஸ் டிக்கெட்: "வெயிட் பண்ணு"ன்னு நான் சொன்னதில் பாதி தப்பு



2023 மார்ச்ல நம்ம சேனல்ல ஒரு வீடியோ போட்டிருந்தேன். டிக்கெட்டை எப்பவும் கடைசி நேரத்துல வாங்குங்கன்னு சொல்ற வீடியோ. அமெரிக்க காலேஜ் பாஸ்கெட்பால் டோர்னமென்ட், அதாவது மார்ச் மேட்னஸ், அதுக்கு நான் எவ்வளவு கம்மி விலையில போனேன்னு பெருமையா சொல்லியிருப்பேன். பழைய ஆட்களுக்கு ஞாபகம் இருக்கும். அந்த வீடியோவை இன்னும் எடுக்கல. ஆனா அதுல சொன்னது பாதி தப்பு. அந்தப் பாதியால என்கூட வேலை பார்த்த ஒரு தம்பி, வாழ்க்கையில ஒரு தடவை வர்ற விஷயத்தை மிஸ் பண்ணிட்டான். அதான் இந்தப் பதிவு.

அங்கே எம்எஸ் முடிச்சு இப்போதான் சம்பளம் வாங்க ஆரம்பிச்சவங்க, ஆன்சைட்ல இருக்கிறவங்க, உங்களுக்குத்தான் இது முதல்ல. படிச்ச காலேஜ் டீம் மேல நமக்கு வர்ற பைத்தியம் சாதாரணமானதில்லை. ரெண்டு வருஷம்தான் அங்கே இருந்திருப்போம், ஆனா அந்த கலர் டி-ஷர்ட்டை பத்து வருஷம் போடுவோம்.

முதல்ல டோர்னமென்ட் எப்படி நடக்குதுன்னு சுருக்கமா சொல்லிடறேன், இல்லைன்னா விலை ஏன் அப்படி ஆடுதுன்னு புரியாது. ஆண்கள் போட்டியில மொத்தம் 68 அணிகள். தோத்தா வெளியே, அவ்வளவுதான். ரெண்டாவது வாய்ப்பு கிடையாது. மார்ச் நடுவுல ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், செலக்‌ஷன் சண்டேன்னு சொல்வாங்க, அன்னைக்குத்தான் யார் யாரோட எந்த ஊர்ல ஆடப்போறாங்கன்னு அறிவிப்பாங்க. டேட்டன்ல நடக்கிற முன்சுற்று முடிஞ்சதும் மிச்சமிருக்கிற 64 அணிகள் எட்டு ஊர்களுக்குப் பிரிஞ்சு போகும். ஒரு ஊருக்கு எட்டு அணி. முதல் நாள் நாலு மேட்ச், மதியம் ரெண்டு, ராத்திரி ரெண்டு. ஒரு நாள் இடைவெளி விட்டு, ஜெயிச்ச நாலு அணிகள் மறுபடி ஆடும். அடுத்த வாரம் நாலு ஊர். அதுக்கடுத்த வாரம் ஒரே ஊர், ஒரு பெரிய ஃபுட்பால் ஸ்டேடியம், அதுதான் ஃபைனல் ஃபோர். சனிக்கிழமை ரெண்டு செமிஃபைனல், திங்கட்கிழமை ஃபைனல்.

இதுல கவனிக்க வேண்டியது ஒண்ணு. டிக்கெட் பல மாசம் முன்னாடியே விற்பனைக்கு வந்துடும். ஃபைனல் ஃபோருக்கு குலுக்கல்ல பதிவு பண்ணணும், அதுவும் ரொம்ப முன்னாடியே. ஆனா யார் ஆடப்போறாங்கன்னு மார்ச் வரைக்கும் யாருக்கும் தெரியாது. அதாவது நீங்க வாங்கறது ஒரு மேட்ச் டிக்கெட் இல்லை. ஒரு நாள், ஒரு ஊர், ஒரு நாற்காலி, அவ்வளவுதான். அந்த நாற்காலிக்கு முன்னாடி யார் ஓடப்போறாங்கங்கிறது கொஞ்சம் கொஞ்சமா தெரியவரும். ஒவ்வொரு தடவை தெரியவரும்போதும் விலை குதிக்கும், இல்லைன்னா விழும்.

கொலம்பஸ்ல அந்த வெள்ளிக்கிழமை

2023-ல நான் ஒஹையோ மாநிலம் கொலம்பஸ்ல ஒரு ப்ராஜெக்ட்ல இருந்தேன். அந்த வருஷம் எட்டு ஊர்கள்ல கொலம்பஸும் ஒண்ணு, நேஷன்வைடு அரீனாவுல மேட்ச். என் டீம்ல திண்டுக்கல் பக்கத்து தம்பி ஒருத்தன் இருந்தான். பர்டியூ யுனிவர்சிட்டியில எம்எஸ் முடிச்சவன். பர்டியூ அந்த வருஷம் நம்பர் 1 சீட், டீம்ல ஸாக் ஈடின்னு 7 அடி 4 அங்குலம் உயரத்துக்கு ஒரு ஆள். மார்ச் 12 ஞாயிறு சாயங்காலம் அறிவிப்பு வருது: பர்டியூ கொலம்பஸ்ல ஆடுது. நம்ம ஊர்ல, நம்ம வாசல்ல!

பையன் பத்து நிமிஷத்துல மூணு செஷனுக்கும் டிக்கெட் வாங்கிட்டான். கட்டணமெல்லாம் சேர்த்து 390 டாலர். சும்மா இருந்தானா? அதே சூட்டுல ஹூஸ்டன்ல நடக்கவிருந்த ஃபைனல் ஃபோர் செமிஃபைனலுக்கும் ஒரு டிக்கெட், 310 டாலர். ஹூஸ்டனுக்கு திருப்பித் தராத பேசிக் எகானமி ஃப்ளைட், 280 டாலர். மொத்தம் 980. எல்லாமே கிரெடிட் கார்டுல. ஊர்ல பேங்க்ல எடுத்த எஜுகேஷன் லோன் மாசா மாசம் ஓடிக்கிட்டிருந்துச்சு, அதையும் சொல்லிடறேன்.

எனக்கு எந்த டீமும் கிடையாது. நான் படிச்சது கோயம்புத்தூர்ல, எங்க காலேஜ்ல பாஸ்கெட்பால் கோர்ட்ல பைக் நிறுத்துவாங்க. அதனால நான் பொறுமையா இருந்தேன். மார்ச் 17 வெள்ளிக்கிழமை, ராத்திரி செஷன் ஆரம்பிக்கிறதுக்கு ரெண்டு மணி நேரம் முன்னாடி ஆபீஸ் கேன்டீன்ல உட்கார்ந்து ஃபோன்ல 70 டாலருக்கு வாங்கினேன். தம்பி உட்கார்ந்திருந்த இடத்துக்கு மூணு வரிசை மேலே.

அன்னைக்கு நடந்தது பாஸ்கெட்பால் பாக்கறவங்க எல்லாருக்கும் தெரியும். ஃபேர்லி டிக்கின்சன்னு ஒரு சின்ன யுனிவர்சிட்டி. 16-ம் சீட். அந்த வருஷம் டிவிஷன் 1-லயே சராசரி உயரத்துல மிகக் குட்டையான டீம். அவங்க பர்டியூவை 63-58-ன்னு தோற்கடிச்சாங்க. ஆண்கள் டோர்னமென்ட் வரலாற்றுல 16-ம் சீட் 1-ம் சீட்டை ஜெயிச்சது அது ரெண்டாவது தடவை, 2018-ல வர்ஜீனியாவை யுஎம்பிசி ஜெயிச்சதுக்கு அப்புறம். அரங்கத்துல பாதிப்பேர் கறுப்பு-தங்க நிற சட்டை போட்டு அப்படியே உட்கார்ந்திருந்தாங்க. நம்ம தம்பியும்.

இப்போ பணத்துக்கு வருவோம். தம்பி கையில ஞாயிற்றுக்கிழமை செஷன் டிக்கெட் இருக்கு, பர்டியூ இல்லை. விக்கலாம்னு ராத்திரியே லிஸ்ட் பண்றான். ஆனா அவன மாதிரியே இண்டியானாவுல இருந்து நாலு மணி நேரம் வண்டி ஓட்டிட்டு வந்த அத்தனை பேரும் அதே நேரத்துல, அதே செஷனை விக்கிறாங்க. வாங்க ஆள் வேணுமே? தளத்தோட கமிஷன் போக அவனுக்குக் கிடைச்சது 22 டாலர். ஹூஸ்டன் டிக்கெட்டை ஓரளவு விலைக்கு வித்தான், 190 வந்துச்சு. ஃப்ளைட் காசு போனது போனதுதான்.

நான் என்ன பண்ணேன்? ஞாயிறு மதியம் அதே விழுந்த விலைக்கு ஒரு நல்ல சீட் வாங்கிட்டுப் போய் ஃப்ளோரிடா அட்லான்டிக், ஃபேர்லி டிக்கின்சனை 78-70-ன்னு ஜெயிச்சதைப் பார்த்தேன். அந்த வாரமே வீடியோ. "பாருங்க, பொறுமைக்குக் கிடைச்ச பரிசு"ன்னு. இப்போ பாக்கும்போது கொஞ்சம் கூச்சமா இருக்கு. பக்கத்துல ஒருத்தன் கார்டு பில்லைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்கான், நான் தம்ப்நெயிலுக்கு போஸ் கொடுத்துக்கிட்டிருக்கேன்.

அவனுக்கு அந்தப் பணம் சின்ன தொகை இல்லை. அமெரிக்காவுல கிரெடிட் கார்டு வட்டி சராசரியா 20 சதவீதத்துக்கு மேல. மினிமம் கட்டி மினிமம் கட்டி இழுத்தான். ஊர்ல வீட்டுக்கு மேல் தளம் போட மே மாசம் அனுப்பறேன்னு சொன்ன பணம் ஆகஸ்ட்டுக்குத் தள்ளிப் போச்சு. அப்பா ஒரு வார்த்தை கேட்கல. கேட்டிருந்தா பரவால்லன்னு அவன் என்கிட்ட சொன்னான்.

பொறுத்திருந்தா விலை குறையுமா?

பெரும்பாலும் குறையும். இது என் அனுபவம் மட்டும் இல்லை. ஆண்ட்ரூ ஸ்வீட்டிங்னு ஒரு பொருளாதார ஆய்வாளர், அமெரிக்க பேஸ்பால் டிக்கெட்டுகளோட மறுவிற்பனைச் சந்தையை ஆராய்ஞ்சு 2012-ல வெளியிட்ட கட்டுரையில, மேட்ச் நாள் நெருங்க நெருங்க விக்கிறவங்க விலையை 40 சதவீதமும் அதுக்கு மேலயும் குறைக்கிறாங்கன்னு காட்டியிருக்கார். காரணம் சிம்பிள். டிக்கெட் ஒரு அழுகற பொருள். கோயம்பேடு தக்காளி மாதிரி. சாயங்காலம் ஆனா வியாபாரி கூடையோட கொடுத்துடுவார். மேட்ச் ஆரம்பிச்சுட்டா அந்த டிக்கெட் வெறும் க்யூஆர் கோடுதான்.

அதனால என் பழைய வீடியோவுல சரியான பாதி இதுதான்: உங்களுக்கு எந்த டீமும் முக்கியமில்லை, நீங்க அந்த ஊர்லயே இருக்கீங்க, அப்போ காத்திருங்க. செலக்‌ஷன் சண்டே ராத்திரி வாங்காதீங்க, அன்னைக்கு எட்டு டீமோட ரசிகர்களும் ஒரே நேரத்துல தளத்துக்குள்ள நுழையறாங்க. ரெண்டாவது சுற்று பாக்கணும்னா முதல் சுற்று முடிஞ்ச ராத்திரி பாருங்க. ஃபைனல் பாக்கணும்னா சனிக்கிழமை செமிஃபைனல் முடிஞ்சதும் பாருங்க. நாலு டீம்ல ரெண்டு டீம் ரசிகர்கள் சூட்கேஸ் கட்டிக்கிட்டிருப்பாங்க, அவங்க திங்கட்கிழமை டிக்கெட்டை யாரு தலையிலயாவது கட்டணும். ஸ்டேடியமோ 70,000 பேர் உட்காரக்கூடியது. எங்கேயாவது ஒரு மூலை கிடைக்கும்.

தப்பான பாதி எதுன்னா, அதையே ஒரு டீமோட ரசிகனுக்கும் சொன்னது.

கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. நடுநிலையான எனக்கு, பர்டியூ தோத்தா டிக்கெட் மலிவு, சந்தோஷம். பர்டியூ ரசிகனுக்கு? டிக்கெட் மலிவா கிடைக்கிற நாள், அவனுக்கு டிக்கெட்டே வேண்டாத நாள். அவனுக்கு டிக்கெட் வேணுங்கிற நாள், அவன மாதிரி இன்னும் ஐம்பதாயிரம் பேருக்கும் வேணுங்கிற நாள். அவனுக்கு "காத்திருந்தா குறையும்"ங்கிற விதி பாதிதான் வேலை செய்யும். முன்கூட்டியே வாங்கினாலும் சிக்கல்தான்: டீம் தோத்தா மனசும் போச்சு, விக்கற விலையும் போச்சு. ரெண்டு நஷ்டமும் ஒரே ராத்திரியில வரும்.

நம்மள்ல நிறைய பேருக்கு இது வேற ரூபத்துல பழக்கம்தான். கம்பெனி கொடுக்கிற ஷேரை விக்காம அப்படியே வச்சிருப்போம். கம்பெனி நல்லா ஓடினா சம்பளமும் ஏறும், ஷேரும் ஏறும். கம்பெனி படுத்தா வேலையும் போகும், ஷேரும் பாதியாகும். ரெண்டு முட்டையும் ஒரே கூடையில. தம்பி அந்த ஞாயித்துக்கிழமை பண்ணது அதுதான், பத்து நிமிஷத்துல.

2024, ராத்திரி 2 மணி

அடுத்த வருஷம் நான் கோயம்புத்தூர் திரும்பிட்டேன். தம்பி திருந்திட்டான், அதாவது என் வீடியோவைக் கேட்டுத் திருந்திட்டான். முன்கூட்டி எதுவுமே வாங்கல. மாசம் 60 டாலர் தனி சேவிங்ஸ் அக்கவுண்ட்ல போட்டு வச்சான், அதுக்கு "மார்ச்"னு பேர் கூட வச்சிருந்தான். ஏப்ரல்ல இருந்து மார்ச் வரைக்கும் 720 டாலர். கார்டுல ஒரு பைசா பாக்கி கிடையாது.

பர்டியூ மறுபடி நம்பர் 1 சீட். இண்டியானாபொலிஸ்ல ரெண்டு மேட்ச் ஜெயிச்சாங்க. டெட்ராய்ட்ல கொன்சாகாவை ஜெயிச்சாங்க. மார்ச் 31, ஞாயிறு, டென்னஸியோட மேட்ச். ஈடி 40 பாயின்ட். 72-66. பர்டியூ ஃபைனல் ஃபோருக்குப் போனது 1980-க்கு அப்புறம் அதுதான் முதல் தடவை. 44 வருஷம்.

இங்கே அப்போ திங்கட்கிழமை அதிகாலை 2 மணி இருக்கும். ஃபோன் அடிச்சிருக்கு, நான் தூங்கிட்டேன். காலைல எழுந்து பார்த்தா ஆறு மிஸ்டு கால், ஒரு வாய்ஸ் மெசேஜ். பின்னாடி ஒரே சத்தம், அழறானா சிரிக்கிறானான்னு தெரியல. "அண்ணா, ஃபீனிக்ஸ் போலாமா, டிக்கெட் இப்பவே வாங்கட்டுமா, சொல்லுங்கண்ணா." நான் பல் விளக்கிக்கிட்டே டைப் பண்ணேன்: "இன்னைக்கு வாங்காத. எல்லாரும் வாங்கற நாள். புதன், வியாழன் குறையும். வெயிட் பண்ணு."

குறைஞ்சுது. நான் சொன்னது சரிதான். மேல் தளத்து செமிஃபைனல் டிக்கெட் வியாழக்கிழமை 60 டாலர் கம்மியா இருந்துச்சு.

ஆனா அந்த மூணு நாள்ல கொலம்பஸ்ல இருந்து ஃபீனிக்ஸ் ஃப்ளைட் 250 டாலர் ஏறியிருந்துச்சு. நேரடி விமானத்துல இடமில்லை. ஸ்டேடியம் இருக்கிற க்ளென்டேல் பக்கத்துல ரூம் இல்லை. இருந்த ரூமும் நாலு ராத்திரி கட்டாயம்னு சொன்னாங்க. திங்கள், செவ்வாய் லீவுக்கு மேனேஜர்கிட்ட வியாழக்கிழமை போய் நின்னா அவர் என்ன சொல்வாரு, ரிலீஸ் வாரம். 720 டாலர் எல்லையை எல்லாம் சேர்த்த கணக்கு தாண்டிடுச்சு. அவன் எல்லையை மதிச்சான். போகல.

சனிக்கிழமை பர்டியூ என்சி ஸ்டேட்டை 63-50-ன்னு ஜெயிச்சுது. திங்கள் ஃபைனல்ல யுகான்கிட்ட 75-60-ன்னு தோத்துச்சு. ரெண்டையும் வெஸ்ட் லாஃபாயெட்ல பழைய ரூம்மேட் வீட்டு சோஃபாவுல உட்கார்ந்து பார்த்தான். (அந்தத் திங்கட்கிழமை மதியம் இண்டியானாபொலிஸ்ல முழு சூரிய கிரகணம் வேற. அதையாவது பார்த்தியான்னு கேட்டேன். ஒரு மணி நேரம் வண்டி ஓட்டிட்டுப் போய்ப் பார்த்தானாம். "அது ஃப்ரீண்ணா"ன்னான்.)

அவன் என்னைத் திட்டல. 720 டாலரை லோன்ல கட்டிட்டான். பணக் கணக்குல இது நூத்துக்கு நூறு. ஒரு ஃபைனான்ஸ் சேனல்காரன் கைதட்டணும். என்னால முடியல. "டிக்கெட் எப்போ மலிவு"ன்னு அவன் கேட்கவே இல்லை. "போகலாமா"ன்னு கேட்டான். நான் வேற கேள்விக்குப் பதில் சொல்லிட்டேன்.

டிக்கெட்டைக் கடைசியில வைங்க, மத்ததை முதல்ல

வெளியூர் போறவனுக்கு டிக்கெட் விலை மட்டும் கணக்கு இல்லை. ஃப்ளைட், ரூம், லீவு, டிக்கெட், இந்த நாலும் சேர்ந்ததுதான் விலை. இதுல நேரம் ஆக ஆக குறையறது டிக்கெட் ஒண்ணுதான். மத்த மூணும் நேரம் ஆக ஆக ஏறும், இல்லைன்னா கிடைக்காமலே போகும். அதனால குறையறதுக்காகக் காத்திருந்து ஏறற மூணையும் விட்டது மடத்தனம். நான் அவனுக்கு சொன்னது அந்த மடத்தனம்.

என்ன சொல்லியிருக்கணும்? பிப்ரவரியிலயே, பர்டியூ நல்லா ஆடிக்கிட்டிருக்கும்போதே, ஃபீனிக்ஸ்ல ரத்து பண்ணக்கூடிய ஒரு ரூமைப் போடு. ஸ்டேடியத்துல இருந்து அரை மணி நேரம் தள்ளி இருந்தாலும் பரவால்ல. ஃப்ளைட்டை பேசிக் எகானமியில போடாதே, அதுக்கு மேல இருக்கிற சாதா எகானமியில போடு. 2020-ல இருந்து டெல்டா, யுனைடெட், அமெரிக்கன் மூணுமே உள்நாட்டுல சாதா எகானமி டிக்கெட்டுக்கு மாத்தற கட்டணத்தை எடுத்துட்டாங்க. ரத்து பண்ணா காசு கையில வராது, கிரெடிட்டா நிக்கும், அடுத்த பயணத்துக்கு உதவும். ரெண்டு டிக்கெட்டுக்கும் இடையில இருக்கிற விலை வித்தியாசத்தை இன்சூரன்ஸ் ப்ரீமியம்னு நினைச்சுக்கோ. மேனேஜர்கிட்ட ஏப்ரல் 8, 9 தேவைப்படலாம்னு மார்ச் முதல் வாரமே ஒரு மெயில் போடு. டீம் தோத்தா எல்லாத்தையும் ரத்து பண்ணு, நஷ்டம் கொஞ்சம்தான். ஜெயிச்சா, டிக்கெட் மட்டும்தான் பாக்கி, அதுக்கு வியாழக்கிழமை வரைக்கும் தாராளமா காத்திரு.

2023-ல அவன் பண்ணது இதுக்கு நேர் தலைகீழ். ரத்து பண்ண முடியாத ஃப்ளைட்டையும் டிக்கெட்டையும் முதல்ல வாங்கினான். 2024-ல நான் சொன்னதைக் கேட்டு எதையுமே வாங்கல. ரெண்டுமே ஒரு ஓரம்.

எல்லைத் தொகை விஷயத்துல என் கருத்து மாறல. தனி அக்கவுண்ட், மாசா மாசம், கார்டுல பாக்கி வைக்காம. ஆனா எல்லையை டிக்கெட்டுக்குன்னு வைக்காதீங்க, பயணத்துக்குன்னு வைங்க. நாலையும் கூட்டிப் பாருங்க. ரெண்டாவது, எல்லாக் காசும் ஒண்ணு இல்லை. ஒவ்வொரு வருஷமும் வர்ற முதல் சுற்றுக்கும், 44 வருஷத்துக்கு ஒரு தடவை வர்றதுக்கும் ஒரே எல்லையை வச்சது அவனோட கட்டுப்பாடு இல்லை, என்னோட சோம்பேறித்தனமான அறிவுரை.

டிக்கெட் தளங்களைப் பத்தி ரெண்டு விஷயம். கட்டணத்தை கடைசிப் பக்கத்துல காட்டற பழக்கம் ரொம்ப காலம் இருந்துச்சு. 120-ன்னு ஆரம்பிச்சு பணம் கட்டற இடத்துல 160 ஆகும். அதுக்குள்ள சீட்டை மனசுல உட்கார்ந்து பார்த்திருப்போம், விட மனசு வராது. 2015-ல ஸ்டப்ஹப் தளத்துல பண்ண ஒரு பெரிய சோதனையில, கட்டணம் கடைசியில தெரிஞ்சவங்க, முதல்லயே தெரிஞ்சவங்களை விட சுமார் 20 சதவீதம் அதிகமா செலவு பண்ணாங்க. அவங்க கெட்டவங்க இல்லை, முட்டாள்களும் இல்லை. எல்லாரும் அப்படித்தான். 2025 மே 12-ல இருந்து அமெரிக்காவுல எஃப்டிசி விதிப்படி, கட்டாயக் கட்டணம் எல்லாம் சேர்த்த மொத்த விலையை முதல்லயே காட்டணும். ஒப்பிட்டுப் பாக்க இப்போ ரொம்ப வசதி. ஆனா விக்கும்போது தளம் உங்ககிட்ட எடுக்கிற கமிஷன் தனி, அதைக் கணக்குல சேருங்க. "வேண்டாம்னா வித்துக்கலாம்"னு சொல்றவங்க யாரும் அதைச் சொல்ல மாட்டாங்க.

இன்னொண்ணு, கையில இல்லாத டிக்கெட்டை முன்கூட்டியே லிஸ்ட் பண்றவங்க இருக்காங்க. பிறகு மலிவா வாங்கிக் கொடுத்துடலாம்ங்கிற கணக்கு. வரிசை எண், சீட் விவரம் எதுவும் இல்லாம "மேல் தளம், ஏதோ ஒரு இடம்"னு இருந்தா தள்ளியே இருங்க. தளம் பணத்தைத் திருப்பித் தரலாம். ஊர் விட்டு ஊர் போன ஃப்ளைட் காசை யார் தருவா?

"ஒரு பாஸ்கெட்பால் மேட்சுக்கு இவ்வளவா, அதை இண்டெக்ஸ் ஃபண்டுல போட்டா இருபது வருஷத்துல"ன்னு ஆரம்பிக்கிற ஆட்களுக்கு: எனக்கு அந்தக் கணக்கு தெரியும், நானே போட்டுக் காட்டியிருக்கேன். லோன் பாக்கி இருக்கும்போது கார்டுல போறது தப்பு, அதுல எனக்கு ரெண்டு கருத்து இல்லை. சேர்த்து வச்ச காசுல போறது தப்பே இல்லை. இருபத்தாறு வயசுல தொண்டை கிழிய கத்தறதுக்கு ஒரு விலை உண்டு. அதை நாற்பத்தாறுல கொடுத்து வாங்க முடியாது.

இந்த வருஷ விஷயத்தைச் சொல்லி முடிச்சுக்கறேன். 2026 ஃபைனல் ஃபோர் இண்டியானாபொலிஸ், லூகாஸ் ஆயில் ஸ்டேடியம். ஏப்ரல் 4, 6. பர்டியூல இருந்து ஒரு மணி நேர ட்ரைவ்தான். போன அக்டோபர்ல வந்த ஏபி தரவரிசையில பர்டியூதான் முதலிடம், சீசன் ஆரம்பத்துல அவங்க முதலிடத்துல இருந்தது அதுதான் முதல் தடவை. தம்பி போன வாரம் கூப்பிட்டான். லீவு சொல்லிட்டானாம். ரத்து பண்ணக்கூடிய ரூம் போட்டுட்டானாம். எல்லாம் இப்போ நான் எழுதின வரிசைப்படியே.

"அப்போ டிக்கெட்டுக்கு மார்ச் 29 வரைக்கும் வெயிட் பண்ணு, டீம் முடிவாகட்டும்"னு சொல்ல வாயெடுத்தேன்.

"ரெண்டு டிக்கெட் வேணும்ணா. அப்பா வர்றாரு. மார்ச் கடைசியில வந்து மூணு வாரம் இருப்பாரு."

அவர் வாழ்க்கையில பாஸ்கெட்பால் பார்த்ததே கிடையாது. பர்டியூ வந்தாலும் வராட்டியும் கூட்டிட்டுப் போறதுன்னு முடிவு பண்ணிட்டான். அப்போ நீ நடுநிலை ஆள் மாதிரிதான், இன்னும் நல்லது, சனிக்கிழமை ராத்திரி வரைக்கும் காத்திருந்து ஃபைனலுக்கு மட்டும் மலிவா வாங்கலாம்னு எனக்குள்ள கணக்கு ஓடுது. மேல் தளத்துல எப்படியும் கிடைக்கும்.

"அவருக்கு முட்டி வலிண்ணா. மேல் தளம் ஏற முடியாது. கீழ ஓரத்து சீட் வேணும், அது நிறைய வராது."

விலையைச் சொன்னான். நான் கொஞ்ச நேரம் பேசல. அக்கவுண்ட்ல இருக்கான்னு மட்டும் கேட்டேன். இருக்குன்னான், கார்டு இல்லை, ரெண்டு வருஷமா சேர்த்தது.

"சரி, எப்போ வாங்கப் போற?"

"நேத்தே வாங்கிட்டேன்ணா. உங்ககிட்ட கேட்டா வெயிட் பண்ணச் சொல்வீங்கன்னுதான் இன்னைக்குக் கூப்பிட்டேன்."